பலம் என்று நினைத்ததே என்னைச் சாய்த்துவிட்டதா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த 3 ஆண்டுகளாக வார்டு இன்சார்ஜ். யாருக்கு அவசரம் என்றாலும் டூட்டி மாற்றிக் கொடுப்பவர் அவர்தான். ஆள் குறையும் நாட்களில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்ப்பவரும் அவர்தான். வீட்டுக்குப் போன பிறகும் வார்டிலிருந்து போன் வரும்; எடுப்பார். "நீ இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்லை, நீ ஸ்ட்ராங்கான ஆள்" என்று மேலதிகாரி சொல்வாராம். அதைக் கேட்டுப் பெருமைப்பட்ட காலமும் உண்டு என்கிறார்.

ஏழெட்டு மாதங்களாக நிலைமை வேறு. டூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு கனக்கிறது. நோயாளிகளின் பெயர் மனதில் நிற்பதில்லை. 'ஆறாம் நம்பர் பெட்', 'அந்த சுகர் கேஸ்' என்றுதான் வாயில் வருகிறது. ஒரு நைட் டூட்டியில், வயதான ஓர் அம்மா நான்காவது தடவையாக மணியை அழுத்தியபோது, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கத்திவிட்டிருக்கிறார். பிறகு மருந்து ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். மறுநாள் அவர் டூட்டிக்கு வருவதற்குள் அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். மன்னிப்புக் கேட்க முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. "நான் நல்ல நர்ஸே இல்லை என்று இப்போது தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

பத்து நாள் லீவு போட்டுப் பார்த்தார். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய களைப்பு. அப்புறம் தோழி ஒருவர் சொல்ல, இணையத்தில் உள்ள குணபலங்கள் பற்றிய கேள்வித்தாளை நிரப்பியிருக்கிறார். கருணை, விடாமுயற்சி, நியாய உணர்வு, கற்கும் ஆர்வம், நேர்மை என்று முதல் ஐந்து வந்தன. தற்கட்டுப்பாடு கடைசி இடத்தில் இருந்தது.

அவர் கேட்பவை இவை. இவ்வளவு பலம் உள்ளவள் ஏன் விழுந்தேன்? கருணைதான் என் முதல் பலம் என்றால் அந்த அம்மாவிடம் கத்தியது யார்? கடைசியில் கிடக்கும் தற்கட்டுப்பாட்டை வளர்த்துக்கொண்டால் சரியாகிவிடுமா? வேலையை விட்டுவிடட்டுமா? ஸ்டோரில் அழுதது என் கணவருக்குத் தெரியாது, சொல்லலாமா?

இவற்றுக்கு நடுவே ஒரு வரியும் இருந்தது: "சில நாள் காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரி,

அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். பல சமயம் இதற்கு 'இந்த ஓட்டம் நின்றால் போதும்' என்பதுதான் பொருள். ஆனால் உயிரை விடும் எண்ணத்தின் தொடக்கமாகவும் அது இருக்கலாம். இதில் எது என்று கடிதத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. களைத்துப்போன மனதோடு நீங்களும் தனியாக அதை முடிவு செய்ய வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரையோ, உங்களை நன்றாகத் தெரிந்த குடும்ப டாக்டரையோ பாருங்கள். கடிதத்தில் எழுதிய அதே வார்த்தைகளில் அவரிடம் சொல்லுங்கள். உங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ, எப்படிச் செய்வது என்ற யோசனையோ ஒரு தடவை எட்டிப் பார்த்தால்கூட, அப்போதே நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் வேலை செய்பவர் நீங்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. பலமுள்ளவர் விழமாட்டார் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. உழைத்து உழைத்து ஆள் வற்றிப்போவதைக் குறிக்கும் 'பர்ன் அவுட்' என்ற சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் பணியாற்றியபோது தன்னிடமும் தன்னோடு உழைத்தவர்களிடமும் கண்டதை வைத்து 1974-இல் அதைப் பற்றி எழுதினார். ஈடுபாட்டோடு, தங்களையே எடுத்துக் கொடுத்து உழைப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பது அன்றே அவர் கவனித்தது. எதிலும் ஒட்டாமல் வேலை செய்கிறவருக்குத் தீர்ந்துபோக அவ்வளவாக எதுவும் இருப்பதில்லை.

உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். அது மூன்று அம்சங்களை அளக்கிறது: உணர்வு வற்றிப்போகும் களைப்பு, மனிதர்களிடமிருந்து விலகிப் போகும் மனம், 'என்னால் எதுவும் உருப்படியாக ஆகவில்லை' என்ற நினைப்பு. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. கிளம்பும்போதே கனக்கும் நெஞ்சு முதலாவது. 'நான் நல்ல நர்ஸே இல்லை' என்பது மூன்றாவது. இரண்டாவதைத்தான் நீங்கள் குற்றமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயர்கள் மறைந்து பெட் நம்பர்கள் வந்தது உங்கள் மனம் கல்லாகிவிட்டதால் வந்ததல்ல. இனி ஒருவருடைய வலியையும் உள்ளே வாங்க இடமில்லை என்றானபோது மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட தடுப்பு அது. அந்த அம்மாவிடம் கத்தியது அந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்த நீங்கள். ஸ்டோருக்குள் போய் அழுததும் நீங்கள்தான். கருணை போயிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது.

அதற்காக, கத்தியது சரி என்று சொல்லவில்லை. இரவில் நான்கு தடவை மணி அடிக்கிறவருக்குப் பயமோ வலியோ இருந்திருக்கும். அது உங்களுக்கே தெரியும். தவறு நடந்தது. ஆனால் அதை வைத்து உங்கள் 17 ஆண்டுகளுக்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

டாக்டரிடம் போவது ஏன் முதல் வேலை

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட்டுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நீண்ட நாள் சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வருவது, வேலை சார்ந்தது, நோய் என்ற பிரிவில் சேராதது என்பது அதன் சாரம். நோய் இல்லை என்றதும் 'அப்படியானால் டாக்டர் எதற்கு' என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பர்ன் அவுட் போலவே தோற்றம் காட்டும் நோய்கள் பல. தைராய்டு சுரப்பி மந்தமானாலும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே களைப்பும் எரிச்சலும் வரும். 41 வயதில் மாதவிடாய் அதிகமாகப் போனாலே ரத்தசோகை வரலாம். மாறி மாறி நைட் டூட்டி பார்ப்பவர்களுக்குத் தூக்கமே தனிப் பிரச்சினை. நோயாளியிடம் இதையெல்லாம் நீங்கள் உடனே கவனித்திருப்பீர்கள். உங்களுக்கு நீங்கள் கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டது எப்போது?

எல்லாவற்றையும்விட முக்கியமானது மனச்சோர்வு நோய். பர்ன் அவுட் தொடக்கத்தில் வேலையைச் சுற்றியே நிற்கும். வேலைக்கு வெளியே சிரிப்பும் ஆசையும் மிச்சமிருக்கும். மனச்சோர்வு எல்லா இடத்துக்கும் பரவிவிடும். பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல், பசியும் தூக்கமும் மாறி, தன்மீதே வெறுப்பு வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் அதற்குத் தனிச் சிகிச்சை தேவை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதும் உண்டு. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி காரணமாக இந்தச் சந்தேகத்தை நான் சும்மா விட மாட்டேன். கீழே நான் எழுதப்போகும் பலங்கள் பற்றிய எதுவும் மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மாற்றாகாது.

நடைமுறை விஷயம் ஒன்று. மருத்துவ விடுப்பு தேவைப்பட்டால் சான்றிதழில் 'பர்ன் அவுட்' என்று மட்டும் இருந்தால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். பரிசோதித்த டாக்டர் உண்மையில் எதைக் கண்டறிகிறாரோ, தூக்கக் கோளாறோ மனச்சோர்வோ பதற்ற நோயோ, அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பலம் எப்படிச் சுமையானது

நீங்கள் நிரப்பியது உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் தொகுத்த 24 குணபலங்களை வைத்து எழுந்த கேள்வித்தாள் என்று நினைக்கிறேன். அதன் முடிவை நீங்கள் படித்த விதத்தில் ஒரு பிசகு இருக்கிறது. அது 24 பலங்களை, உங்களிடம் எது இயல்பாக அதிகம் வெளிப்படுகிறது என்ற வரிசையில் அடுக்குகிறது, அவ்வளவுதான். கடைசியில் வந்தது குறை என்று பொருளில்லை. வரிசை என்று ஒன்று இருந்தால் ஏதோ ஒன்று கடைசியில் வந்துதானே ஆக வேண்டும்? அதுவும், 17 ஆண்டுகள் நைட் டூட்டி பார்த்த ஒருவரிடம் தற்கட்டுப்பாடு இல்லை என்பதை நான் நம்ப மாட்டேன். உங்களிடம் தீர்ந்துபோயிருப்பது அது. தீர்ந்ததை இன்னும் பிழிவதற்குப் பயிற்சி எடுத்தால் இன்னும் வேகமாக விழுவீர்கள். அதனால் 'தற்கட்டுப்பாட்டை வளர்த்துக்கொள்கிறேன்' என்ற திட்டத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள்.

பலங்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். ஒரு பலத்தைக் குறைவாகப் பயன்படுத்துவது போலவே அளவுக்கு மேல் பயன்படுத்துவதும் தொல்லை. உங்கள் கடிதத்தை அந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். கருணை இருக்கிறது, ஆனால் அது ஒரே திசையில் ஓடுகிறது. சக நர்ஸுக்கு, நோயாளிக்கு, மேலதிகாரிக்கு. உங்களிடம் ஒரு சொட்டும் திரும்பி வரவில்லை. விடாமுயற்சி இருக்கிறது, ஆனால் அது வெறும் தாங்குதலாகச் சுருங்கிவிட்டது. எதையாவது முடிப்பதற்கு இருந்த குணம் இப்போது எதையும் நிறுத்தாமல் இருப்பதற்கு மட்டும் வேலை செய்கிறது. நியாய உணர்வு இருக்கிறது. எல்லோருக்கும் டூட்டி சமமாகப் போட வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கணக்கில் உங்கள் பெயருக்கு மட்டும் நியாயம் கிடையாது. கற்கும் ஆர்வத்தைத் தேடினேன். 'முன்பெல்லாம் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் காயம் கட்டச் சொல்லிக் கொடுப்பேன், இன்சார்ஜ் ஆனதிலிருந்து அதற்கெல்லாம் நேரமில்லை' என்ற ஒரே வரியில் அது படுத்துக் கிடந்தது.

ஆக, ஐந்து பலங்களில் மூன்று அளவுக்கு மேல் ஓடுகின்றன, ஒன்று தூங்குகிறது. 'நீ ஸ்ட்ராங்கான ஆள்' என்ற பாராட்டு ஓடுகிற மூன்றையும் இன்னும் விரட்டுகிறது. ஒருவரை அப்படிப் பாராட்டுவதைக் கேட்டாலே எனக்குக் கவலை வரும். பெரும்பாலும் அதற்கு அடுத்த வாக்கியம் இன்னொரு வேலையாக இருக்கும்.

அதே பலத்தை வேறு பக்கம் திருப்புவது

செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். தங்கள் முதன்மைப் பலங்கள் எவை என்று தெரிந்துகொண்டதோடு நின்றவர்களுக்குக் கிடைத்த நன்மை சீக்கிரமே கரைந்தது. அவற்றில் ஒன்றைத் தினமும் புதிய விதத்தில் ஒரு வாரம் பயன்படுத்தியவர்களுக்கு மகிழ்ச்சி கூடி, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்து, ஆறு மாதம் வரை அந்த மாற்றம் தெரிந்தது. அவர்கள் இணையம் வழியாகத் தாங்களாக முன்வந்தவர்கள். பர்ன் அவுட்டில் கிடந்தவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. அதனால் இதை மருந்துச் சீட்டாகத் தரவில்லை. அதிலிருக்கும் 'புதிய விதத்தில்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் உங்களுக்கு வேண்டியவை. பழைய விதத்தில் நீங்கள் போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்துவிட்டீர்கள்.

நியாய உணர்விலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏனென்றால் அதுதான் உங்களுக்குக் குற்ற உணர்வு தராமல் உங்களைக் காப்பாற்றக்கூடியது. கடந்த மூன்று மாத டூட்டி பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் பெயரை மூடிவிட்டு, 'வேறு ஒரு நர்ஸ்' என்று நினைத்துக் கணக்குப் பாருங்கள். எத்தனை நைட், எத்தனை இரட்டை ஷிஃப்ட், எத்தனை வார விடுப்பு பறிபோனது, வீட்டுக்கு எத்தனை போன். அந்த வேறு நர்ஸ் உங்களிடம் வந்து முறையிட்டால் என்ன செய்திருப்பீர்கள்? அதையே செய்யுங்கள். இன்சார்ஜ் என்ற முறையில் பட்டியல் போடும் பேனா ஓரளவுக்காவது உங்கள் கையில்தானே இருக்கிறது?

அடுத்தது கருணை. டூட்டி மாற்றச் சொல்லி யாராவது கேட்டதும் 'சரி' என்று உங்கள் வாய் தானாகச் சொல்லும். அதற்கு முன் ஒரு வாக்கியத்தை வையுங்கள்: "பார்த்துவிட்டு சாயந்திரம் சொல்கிறேன்." மறுப்பது உங்கள் சுபாவத்துக்குக் கஷ்டம். தள்ளிப்போடுவது முடியும். சாயந்திரத்துக்குள் கேட்டவர்களில் பாதிப் பேர் வேறு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு, "இந்தத் தடவை முடியாது, அடுத்த வாரம் ஒரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லலாம். கேட்டவரின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு, அதே சமயம் முடியாது என்று சொல்வதும் கருணைதான். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து அடைத்துவிடுவதால், ஆள் பற்றாக்குறை மேலே இருப்பவர்கள் கண்ணில் படாமலே போகிறது என்பதையும் யோசியுங்கள். அதனால் கடைசியில் பாதிக்கப்படுவது நோயாளிகளும் உங்கள் பிள்ளைகள் போன்ற அந்தப் புது நர்ஸ்களும்தான்.

விடாமுயற்சிக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: அடுத்த ஷிஃப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்த பதினைந்தாவது நிமிஷத்தில் வார்டை விட்டு வெளியே இருப்பது. முதல் வாரம் இரண்டு நாள் நடந்தால் போதும். கேட்கச் சின்னதாக இருக்கும். உங்களுக்கு இது இரண்டு ஷிஃப்ட் பார்ப்பதைவிடக் கடினமாக இருக்கும் என்பது என் கணிப்பு. அதனால்தான் விடாமுயற்சியிடம் ஒப்படைக்கிறேன்.

தூங்குகிற பலத்தை எழுப்புவதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. ஆய்வாளர்கள் ஏமி ஷெஸ்நியெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரே பணியில் இருந்தவர்களில் சிலர் அதைத் தரை துடைக்கும் வேலையாக மட்டும் பார்த்தார்கள். சிலர் தங்களையும் நோயாளியின் குணமாதலில் ஒரு பங்காகக் கருதி, நோயாளிகளோடு பேசி, அதற்கேற்ப வேலையின் உருவத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு உள்ளேயே நமக்குப் பிடித்த பகுதியைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள முடியும் என்பதுதான் இதில் உங்களுக்கானது. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், இரண்டு புது நர்ஸ்களுக்குக் காயம் கட்டச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை. அந்த அரை மணி நேரம் இருக்கிற வேலைகளில் ஒன்றை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். டூட்டி முடிந்த பிறகு தங்கிச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தால் இதுவும் இன்னொரு சுமையாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். ஒன்று போதும். எது என்று கேட்டால், பட்டியல் கணக்கு.

பத்து நாள் லீவு ஏன் பலிக்கவில்லை

லீவு போட்டும் சரியாகாததால் 'என்னிடமே ஏதோ கோளாறு' என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தப் பத்து நாளில் வார்டிலிருந்து தினமும் போன் வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடம்பு வீட்டில் இருந்தது, மனம் வார்டில் நின்றது. சபீனே சொன்னன்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல் இளைப்பாறுதலை நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகியிருத்தல், உடலும் மனமும் தளர்ந்திருத்தல், வேலைக்கு வெளியே ஏதாவது ஒன்றில் திறமை வளர்த்தல், ஓய்வு நேரத்தை நம் விருப்பப்படி செலவிடும் உரிமை. உங்களுக்கு முதலாவதே கிடைக்கவில்லை. கூடவே, லீவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பி வரும்போது வேலை அதே உருவத்தில் காத்திருந்தால் அதன் பலன் வேகமாகத் தேயும். அடுத்த லீவுக்கு முன்பே 'வார்டு சந்தேகம் எதுவானாலும் இவரிடம் கேளுங்கள்' என்று ஒருவர் பெயரை எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். எதற்கும் போன் வராது என்றால் மட்டுமே அதற்குப் பெயர் லீவு.

உங்கள் பலத்தால் தீராதவை

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு அநியாயம் செய்தவளாவேன். இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்ப்பதை எந்தக் குணபலமும் ஈடுகட்டாது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பர்ன் அவுட் முளைக்கும் இடங்களாகப் பணியிடத்தில் ஆறைச் சொல்கிறார்கள்: வேலைச் சுமை, நம் கையில் உள்ள அதிகாரம், கிடைக்கும் அங்கீகாரமும் ஊதியமும், சக ஊழியர் உறவு, நியாயமான நடத்தை, நம் மனசாட்சிக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம். உங்கள் கடிதத்தில் சக ஊழியர் உறவு நன்றாக இருக்கிறது. சுமை, அதிகாரம், நியாயம் மூன்றும் மோசம். இந்த மூன்றையும் சரிசெய்ய வேண்டியது நிர்வாகம். அந்தப் பொறுப்பையும் உங்கள் தோளில் ஏற்றிக்கொண்டு, 'நான் இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டும்' என்று வருந்தாதீர்கள்.

மேலதிகாரியிடம் பேசுங்கள். 'முடியவில்லை' என்று மட்டும் சொன்னால் 'நீயா இப்படி' என்று முடித்துவிடுவார். உங்கள் பட்டியல் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். களைத்த நர்ஸிடம் மருந்துத் தவறு நடக்கும் ஆபத்து கூடுகிறது என்பது அவருக்கும் தெரியும். நோயாளிப் பாதுகாப்பு என்ற வார்த்தையைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். கேட்பது குறிப்பாக இருக்கட்டும்: மாதத்தில் இத்தனைக்கு மேல் நைட் வேண்டாம், டூட்டி இல்லாத நேரத்தில் போன் வேண்டாம், துணை இன்சார்ஜ் ஒருவர் வேண்டும். பேசியதன் சுருக்கத்தை அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நேர்மை உங்கள் ஐந்தாவது பலம் அல்லவா, அது இங்கே உதவட்டும்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலர் இதைக் குறையாக மனதில் வைத்துக்கொள்வார்கள். அதனால் பேசப் போகும் முன் உங்கள் நியமன ஆணையையும் விடுப்பு, கூடுதல் நேர விதிகளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். நர்ஸ்கள் சங்கம் இருந்தால் அங்கே அனுபவம் உள்ள ஒருவரிடம் கேளுங்கள். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்கு உரிமையாக உள்ள ஓய்வைக்கூடச் சலுகையாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

விட்டுவிடலாமா?

இப்போதே முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். களைத்த மனதுக்கு எல்லாம் இரண்டே வழியாகத் தெரியும்: தாங்கு, அல்லது ஓடு. நடுவில் பல வழிகள் உண்டு. வேறு வார்டுக்கு மாற்றம், நைட் இல்லாத பிரிவு, இன்சார்ஜ் பொறுப்பை மட்டும் விட்டுவிட்டு மறுபடி நர்ஸாக இருப்பது, நீண்ட விடுப்பு, பயிற்சி கொடுக்கும் பணி. இன்சார்ஜ் பதவியை விடுவது தோல்வி என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பதவி வந்த பிறகுதானே நீங்கள் சொல்லிக் கொடுப்பது நின்றது?

மூன்று மாதம் வையுங்கள். டாக்டரைப் பார்த்து, தூக்கத்தைச் சரிசெய்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கவனியுங்கள். நிர்வாகம் ஒரு கையளவாவது அசைகிறதா? நோயாளிகளின் பெயர்கள் மறுபடி நினைவில் நிற்கத் தொடங்குகின்றனவா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், வேறு வேலை தேடிக்கொண்டு கிளம்புவதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டு வரவு செலவையும் கையிருப்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உடல் நிலை மோசமாகிறது என்றோ, உயிரை விடும் எண்ணம் தலைகாட்டுகிறது என்றோ டாக்டர் சொன்னால் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே வேலையை நிறுத்த வேண்டும்.

கடைசியாக, உங்கள் கணவர். சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவருக்கும் உங்களை எல்லாவற்றையும் சமாளிக்கிற ஆளாகத்தான் தெரியும். அவர் கேட்காமல் இருப்பது அக்கறை இல்லாததால் அல்ல என்று நினைக்கிறேன். நீளமாகப் பேசத் தெம்பில்லை என்றால் இந்தக் கடிதத்தின் பிரதியையே அவர் கையில் கொடுங்கள். இல்லையென்றால் இரண்டு வாக்கியம் போதும்: "மூணு வாரம் முன்னாடி ஒரு ராத்திரி ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்து அழுதேன். டாக்டர்கிட்ட போகணும், நீங்க கூட வரணும்." அவர் பதறி எதையாவது சரிசெய்யக் கிளம்பினால், முதலில் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். டாக்டரிடம் நேரம் வாங்கும் போனை அவரே செய்யட்டும்.